நூல் போகும் வழி

திருப்பூரில் தயாராகும் ஒரு டி-ஷர்ட்டின் நெஞ்சுப் பகுதியில் சின்னப் பூவோ நிறுவனத்தின் பெயரோ நூலால் தைக்கப்பட்டிருந்தால், அதைத் தைத்த இடம் பெரும்பாலும் வேறொரு கூரைக்குக் கீழே இருக்கும். கட்டிங் முடிந்த பீஸ்கள் கட்டுக்கட்டாக வண்டியேறி ஓர் எம்பிராய்டரி யூனிட்டுக்குப் போகும். அங்கே வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் பவர் டேபிள் தையல் மெஷின்களில் தோளும் கையும் சேரும். மங்கலம் ரோட்டிலும் காங்கயம் ரோட்டிலும் அனுப்பர்பாளையம் பக்கத்திலும் இப்படி ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டுகள் இருக்கின்றன. சில பெரியவை. பல, தகரக் கூரை ஷெட்டில் ஒன்றோ இரண்டோ மெஷினை வைத்துக்கொண்டு, வீட்டு ஆட்களே ஓனராகவும் ஆபரேட்டராகவும் ஹெல்பராகவும் நிற்கும் சிறு தொழில்கள்.

இங்கே கூலி தையலை எண்ணித்தான். ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவார்கள். ஒரே நேரத்தில் 20 பீஸில் தைக்கும் 20 ஹெட் கொண்ட மெஷின் நிமிடத்துக்கு 850 தையல் வேகத்தில் ஓடினால், ஒரு நிமிடத்தில் 17,000 தையல் விழும். ஒரு மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். ஆனால் 20 ஹெட்டுக்கும் மெயின் ஷாஃப்ட் ஒன்றுதான். பீஸை நகர்த்தும் ஃபிரேமும் ஒன்றுதான். ஏழாவது ஹெட்டில் நூல் அறுந்தால் மற்ற பத்தொன்பதும் கூடவே நிற்கும். நூலைக் கோத்து மறுபடி ஓட்ட ஒரு நிமிடம் போதும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தால் நாளின் கூலியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கரைந்துவிடும். ஓனர் போனில் பேசும்போது குரலில் இருக்கும் பதற்றம் இந்தக் கணக்கிலிருந்து வருவது.

புது மெஷினுக்கு, விற்ற நிறுவனத்தின் இன்ஜினியர் வருவார். வாரண்டி முடிந்து, சர்வீஸ் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படாமல், இரண்டு கை மாறி வந்த மெஷினுக்கு யார் வருவது? அந்த இடத்துக்குப் போகிறவன்தான் என்னைப் போன்ற தனி மெக்கானிக். பகலில் நான் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். துணி பின்னும் வட்ட மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் சம்பள வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எம்பிராய்டரி மெஷின்களிடம் போகிறேன். கூடுதல் வருமானத்துக்காகத் தொடங்கியது. இன்று இந்த மெஷின்மீது எனக்கு இருக்கும் பிரியத்துக்கு வருமானம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நான் உறுதியாக நம்புவது ஒன்றே: நூல் போகும் வழியைக் கண்ணால் படிக்கத் தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒரு தையல் விழும்போது

மெஷினின் பின்பக்க ஸ்டாண்டில் இருக்கும் கோனிலிருந்து மேல் நூல் கிளம்புகிறது. வழிகாட்டிகளைத் தாண்டி, டென்ஷன் தட்டுகளுக்கு இடையே புகுந்து, நூல் அறுந்தால் தெரிவிக்கும் சென்சார் சக்கரத்தைச் சுற்றி, செக் ஸ்பிரிங்கைத் தொட்டு, டேக்-அப் லிவரில் ஏறி இறங்கி, கடைசியில் ஊசிக் கண்ணுக்குள் வருகிறது. கீழே, ஊசித் தட்டுக்கு அடியில் ஹூக் சுழல்கிறது. அதன் நடுவில் பாபின் கேஸ், அதற்குள் கீழ் நூல்.

மெயின் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு தையல். அதற்குள் ஹூக் இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். ஊசி அடிமட்டம் வரை இறங்கி, சுமார் 2 மில்லிமீட்டர் மேலே எழும்போது ஊசியின் பின்புறம் நூல் சிறு வளையமாகப் புடைக்கும். அந்த நேரத்தில் ஹூக்கின் கூர்முனை அங்கே வந்து சேர வேண்டும். இதைத்தான் டைமிங் என்கிறோம். முனை வளையத்துக்குள் நுழைந்து, அதை விரித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும். டேக்-அப் லிவர் மேலேறி மிச்ச நூலை இழுக்கும். இரண்டு நூலும் துணிக்குள் பின்னிக்கொள்ளும். 850 வேகத்தில் இது ஒரு நொடிக்கு 14 முறை நடக்கிறது.

இந்தச் சந்திப்புக்கு இருக்கும் இடம் மிகச் சிறியது. ஹூக் முனைக்கும் ஊசிக்கும் நடுவே 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்க வேண்டும். எம்பிராய்டரி மெஷினுக்குப் போடும் டிபி-கே5 ஊசியின் பின்பக்கம், கண்ணுக்கு மேலே, செதுக்கிய ஒரு பள்ளம் உண்டு. ஹூக் முனை ஊசியை உரசாமல் நெருங்கி வர வழிவிடுவது அந்தப் பள்ளம். ஊசியைச் சற்றுத் திருகலாகப் போட்டுவிட்டால் பள்ளம் விலகிவிடும், தையல் விடும். டாஜிமா நிறுவனத்தின் பல மாடல்களில் மெயின் ஷாஃப்ட்டின் டிகிரி வீலை 201-இல் நிறுத்தினால் ஹூக் முனை ஊசியின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். பாபின் கேஸ் உட்காரும் ஹூக்கின் உள்கூடு கூடவே சுற்றிவிடாமல் தடுத்துப் பிடிக்கும் விரல் போன்ற பட்டைக்கும் அந்தக் கூட்டுக்கும் நடுவே அரை முதல் ஒரு மில்லிமீட்டர் இடம் விட வேண்டும், நூல் அந்த வழியாகத்தான் நழுவி வெளியே வரும். இந்த எண்களை மனப்பாடம் செய்வது எளிது. ஒவ்வொரு எண்ணும் நூலுக்கு எந்த இடத்தில் வழிவிடுகிறது என்று புரிந்துகொள்ள நாளாகும். புரிந்துவிட்டால் எந்த பிராண்ட் மெஷின் முன்னாலும் நிற்கலாம்.

ஊசி இருந்த இடத்திலேயே ஏறி இறங்க, துணிதான் நகர்ந்து உருவத்தை வரைகிறது. இந்த ஏற்பாடு பழையது. பிரான்ஸின் முலூஸ் நகரில் ஜோசுவா ஹைல்மன் 1828-இல் உருவாக்கிய கை எம்பிராய்டரி மெஷினிலேயே, பெரிதாக வரைந்த படத்தின்மேல் ஒருவர் கோலை நகர்த்த, துணி மாட்டிய சட்டம் அதே வழியில் சிறிதாக நகரும். சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி 1863-இல் ஓடத்தையும் அறாத நூலையும் சேர்த்தார். ஜப்பானின் டாஜிமா 1964-இல் பல ஹெட் கொண்ட தானியங்கி மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோலைப் பிடித்த கையின் இடத்தில் இன்று எக்ஸ், ஒய் மோட்டார்களும் கன்ட்ரோல் போர்டும் இருக்கின்றன. ஆனால் ஃபிரேம் துல்லியமாக நகராவிட்டால் படம் கோணும் என்ற விதி அன்றிலிருந்து மாறவில்லை.

எத்தனை ஹெட், எந்த ஊசி

போன் வரும்: "அண்ணா, நூல் அறுத்துட்டே இருக்குதுங்க. டைமிங் போயிருச்சாட்டம் இருக்குதுங்."

நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை ஹெட்டுல தம்பி? எந்த ஊசியில?"

பழுதில் பாதியை இந்தக் கேள்வி கண்டுபிடித்துவிடும். ஒரே ஹெட்டில் ஒரே ஊசியில் மட்டும் அறுந்தால், காரணம் அந்த ஊசியும் அதன் மேல் நூல் வழியும்தான். ஒரு ஹெட்டில் இருக்கும் பல ஊசிகளும் ஒரே ஹூக்கைத்தான் பொதுவில் பயன்படுத்துகின்றன. ஹூக் கெட்டிருந்தால் ஒரு ஊசியை மட்டும் தண்டிக்காது. ஒரே ஹெட்டில் எல்லா ஊசியிலும் அறுந்தால், கண்ணைக் கீழே இறக்க வேண்டும்: ஹூக், பாபின் கேஸ், ஊசித் தட்டின் துளை. எல்லா ஹெட்டிலும் ஒரே நேரத்தில் தொல்லை தொடங்கினால், இருபது ஹூக்கும் ஒரே நாளில் கெட வழியில்லை. புதிதாக வந்த நூல் லாட், துணி, டிசைன், வேகம் ஆகியவற்றில் ஒன்று மாறியிருக்கும்.

அவுட்லைன் ஓரிடத்திலும் உள்நிரப்பு வேறிடத்திலும் விழும் கோளாறுக்கும் இதே வழிதான். 20 பீஸையும் வரிசையாகப் பரப்பிப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்திருந்தால் எக்ஸ் அல்லது ஒய் பக்கத்து டைமிங் பெல்ட், புல்லி, மோட்டார் என்று தேடலாம். ஓரிரு பீஸில் மட்டும் நகர்ந்திருந்தால் அங்கே துணி ஃபிரேமில் தளர்வாக மாட்டப்பட்டிருக்கும். மெஷினைத் திறக்கும் முன்பே, பரப்பிய பீஸ்களே பழுதின் முகவரியைச் சொல்லிவிடும்.

முகவரி தெரிந்த பிறகும் நேராக ஸ்க்ரூவுக்குப் போவதில்லை. முதலில் நூலைக் கையால் இழுத்துப் பார்ப்பேன். கோனிலிருந்து ஊசி வரை எங்கே பிடிக்கிறது, எங்கே சுருள்கிறது, எங்கே உரசிப் பிசிறு கிளம்புகிறது என்று விரலே சொல்லும். டென்ஷன் தட்டுக்கு நடுவே சிக்கிய ஒரு துண்டு நூல் போதும், ஷிப்டு முழுவதையும் கெடுக்க. அடுத்து ஊசி. சந்தேகம் இருந்தால் யோசிக்காமல் மாற்ற வேண்டும். உள்ளவற்றில் மலிவான பொருள் அதுதான். அளவு 75/11 பெரும்பாலான வேலைக்குப் பொருந்தும். ஜரிகை நூல் என்றால் பெரிய கண் கொண்ட ஊசியும் குறைந்த வேகமும் வேண்டும்.

பிறகு பாபின். கேஸை நூலோடு தூக்கிப் பிடித்து மணிக்கட்டை லேசாகச் சுண்டினால், சிலந்தி இறங்குவதுபோல் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று ஓடினால் தளர்வு, அசையாமல் தொங்கினால் இறுக்கம். டென்ஷன் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. நூலைப் பொறுத்து 20 முதல் 35 கிராமுக்குள் எல்லா கேஸையும் ஒரே அளவில் வைத்தால், எல்லா ஹெட்டும் ஒரே மாதிரி தைக்கும். பிறகு பீஸைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். சாட்டின் தையலின் பின்புறத்தில் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளைக் கீழ் நூல் தெரிந்தால் டென்ஷன் சரி. முன்பக்கம் வாடிக்கையாளருக்கு, பின்பக்கம் மெக்கானிக்குக்கு.

அதன் பின் ஊசித் தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வேன். பின்னலாடைத் துணி பஞ்சு உதிர்க்கும், துணிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பரின் தூள் அதோடு சேரும், எண்ணெய் இரண்டையும் சேர்த்து மெழுகாக்கும். நூல் வெட்டும் நகரும் கத்தி, நிலைக் கத்தி இரண்டுக்கும் நடுவே இது அடைந்தால் நூல் சரியாக அறுபடாது. வால் நீளமாகத் தொங்கும், அல்லது மிகக் குட்டையாகி அடுத்த தையலில் ஊசியை விட்டே நழுவிவிடும். காற்றடித்தால் தூசி உள்ளே போய் ஒதுங்கிக்கொள்ளும். பிரஷ்ஷால் வெளியே எடுப்பதே நல்லது. ஹூக்கின் முனையையும் ஊசித் தட்டின் துளையையும் நூலால் தேய்த்துப் பார்ப்பேன். நூலில் பிசிறு எழுந்தால் அங்கே உலோகம் முள்விட்டிருக்கிறது. மிக நுண்ணிய எமரித் தாளால் மெல்ல மெருகேற்றினால் பல நாள் தொல்லை தீர்ந்துபோகும். சுத்தம் செய்த ஹூக்குக்கு ஒரு சொட்டு வெள்ளை எண்ணெய். ஷிப்டுக்கு ஒரு சொட்டு என்பதைப் பழக்கமாக்கிவிட்டால் ஹூக்கின் ஆயுள் கூடும். எண்ணெய் விட்டதும் கழிவுத் துணியில் சில நூறு தையல் ஓட்டிய பிறகே வெள்ளைப் பீஸை மாட்ட வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் தையல் விட்டால்தான் டைமிங். ஹூக்கின் மூன்று ஸ்க்ரூக்களையும் தளர்த்தும் அந்த நிலைக்கு முக்கால்வாசி அழைப்புகள் போவதே இல்லை. போகிற மெஷின்களில் பெரும்பாலும் ஊசி ஃபிரேமில் மோதிய வரலாறு இருக்கும். மோதல் நடந்த ஹெட்டில் ஊசிக் கம்பியின் உயரம், ஊசித் தட்டு, ஹூக் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்ற இரண்டும் அடுத்த வாரம் கூப்பிடும். டிசைனை ஓட்டும் முன் டிரேஸ் போட்டு, ஃபிரேமுக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது சில நொடி வேலை. மோதலைத் தடுக்க அதைவிட நல்ல மருந்து கிடையாது.

மெஷின்மேல் பழி விழும்போது

மெஷின் நன்றாக இருந்தும் வேலை கெடுவது உண்டு. பஞ்சிங்கில், அதாவது படத்தைத் தையலாக மாற்றும் கம்ப்யூட்டர் வேலையில், தையல் வரிசைகளை நெருக்கி வைத்துவிட்டால் எந்த டைமிங்கும் உதவாது. சாதாரண 40 எண் நூலுக்கு வரிசைக்கு வரிசை சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதன்மேல் இன்னொரு அடுக்கு, அதன்மேல் எழுத்து என்று ஏற்றிக்கொண்டே போனால், ஊசி துணியைக் குத்துவதற்குப் பதில் ஏற்கெனவே விழுந்த நூலையே குத்தும். நூல் அறுந்துபோகும், ஊசி வளையும், துணிக்கு அடியில் நூல் பந்தாகச் சுருளும். சிறிய எழுத்துகளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தையல்கள் ஒரே இடத்தில் குவிந்தாலும் இதே கதிதான். அதனால் மெக்கானிக் பஞ்சிங் சாஃப்ட்வேரைத் திறந்து பார்க்கும் அளவுக்காவது கற்றிருக்க வேண்டும்.

டிஎஸ்டி என்னும் டாஜிமா கோப்பு வகைதான் யூனிட்டுகளில் அதிகம் புழங்குகிறது. அதில் ஒவ்வொரு நகர்வும் 0.1 மில்லிமீட்டர் அளவில் எழுதப்படும். ஒரு நகர்வு அதிகபட்சம் 12.1 மில்லிமீட்டர். எந்த இடத்தில் நிறம் மாற வேண்டும் என்று அது சொல்லும். எந்த நிறம் என்று சொல்லாது. ஊசி வரிசையை ஆபரேட்டர்தான் பேனலில் அமைக்க வேண்டும். "மெஷின் தப்பான கலர் எடுக்குது" என்ற புகாரோடு போனால், பேனலில் அந்த வரிசையைத் திருத்தியதோடு வேலை முடிந்த நாட்கள் உண்டு.

துணியைப் பற்றிய அறிவு எனக்கு என் பகல் வேலையிலிருந்து கிடைத்தது. பின்னல் துணி கண்ணிகளால் ஆனது. ஒரு கண்ணி அறுந்தால் அங்கிருந்து ஓட்டை இறங்கும். கூர்முனை ஊசி கண்ணியைக் குத்தி அறுக்கும். முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி கண்ணியை ஒதுக்கிவிட்டு இறங்கும். சலவைக்குப் பின் எம்பிராய்டரியைச் சுற்றிச் சிறு ஓட்டைகள் விழுகின்றன என்று வரும் புகாரில் நான் முதலில் பார்ப்பது ஊசி முனையைத்தான். சிங்கிள் ஜெர்சி துணி இழுத்தால் நீளும். அதை முரசுத் தோல்போல் இழுத்து மாட்டினால், ஃபிரேமிலிருந்து கழற்றியதும் சுருங்கி, டிசைனைச் சுற்றிச் சுருக்கம் விழும். அடியில் சரியான பேக்கிங், டிசைனில் அடித்தையல், இழுக்காமல் மாட்டிய துணி, இந்த மூன்றும் அமைந்தால் சுருக்கம் வராது. நிட்டிங்கும் எம்பிராய்டரியும் ஒரே துணியின் இரண்டு கட்டங்கள். இரண்டையும் தெரிந்தவனுக்கு இரண்டு வேலையும் எளிதாகிறது.

மின்சாரமும் எல்லையும்

கன்ட்ரோல் பெட்டியின் பக்கம் போகும்போது என் நடை மாறும். மெயின் ஸ்விட்சை அணைத்து, சில நிமிடம் காத்திருந்த பிறகே மூடியைத் திறப்பேன். அணைத்த பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஹெட்டுக்கு அடியில் என் கை இருக்கும் வரை, ஸ்டார்ட் பட்டனை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று ஆபரேட்டரிடமும் ஹெல்பரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன். அவசர நிறுத்த பட்டன் வேலை செய்கிறதா என்று பார்ப்பது ஒவ்வொரு வருகையிலும் முதல் வேலை.

தமிழ்நாட்டில் 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தைக் கண்ட யூனிட்டுக்காரர்களுக்கு, மின்சாரம் ஒழுங்காக வருவதன் அருமை தெரியும். போர்டு பழுதாகிவிட்டது என்று அழைக்கும் இடங்களில் எர்த் சரியாக இருக்கிறதா, ஸ்டெபிலைசர் இருக்கிறதா, கனெக்டர் முனைகளில் பஞ்சும் பச்சைக் களிம்பும் படிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி அழுத்திப் போட்டாலே பல கோளாறுகள் அடங்கிவிடும். சீனத் தயாரிப்பு மெஷின்கள் பலவற்றில் டாஹாவோ பேனல் இருக்கும். அதில் மெயின் ஷாஃப்ட் 100 டிகிரியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேனல் பிழை காட்டி, நிறம் மாற்றவோ நூல் வெட்டவோ மறுக்கும். என்கோடரின் இணைப்பு தளர்ந்ததா, மோட்டார் பெல்ட் நழுவுகிறதா, கேபிள் முறிந்ததா என்று மல்டிமீட்டரோடு படிப்படியாகப் போவேன். இவை எதுவும் இல்லை, போர்டிலேயே பழுது என்றால், அந்த வேலையை அதற்கென்றே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஆளிடம் அனுப்பிவிடுவேன். எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் அவசியம் தனி மெக்கானிக்குக்கு இல்லை. எது தெரியும், எது தெரியாது என்று ஓனரிடம் தெளிவாகச் சொல்பவரைத்தான் அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

பகுதி நேரத்தின் நெறி

மாலையில் மட்டும் வருகிறவனுக்கு ஒரு கட்டுப்பாடும் ஒரு சுதந்திரமும் உண்டு. கட்டுப்பாடு, நேரம். மறுநாள் காலையில் என் கம்பெனியில் நான் நின்றாக வேண்டும். அதனால் ஒரே இரவில் முடியாத பெரிய வேலையை, அதாவது முழு ஓவர்ஹாலையோ மெஷின் இடமாற்றத்தையோ, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குவேன் அல்லது முழு நேரம் செய்பவரிடம் கைகாட்டுவேன். பாதியில் பிரித்துப் போட்ட மெஷினை விட்டு வருவதைவிட, ஆரம்பிக்காமலே இருப்பது யூனிட்டை நடத்தும் குடும்பத்துக்கு நல்லது. வெளி வேலை செய்வதை வேலைக்குச் சேர்ந்த கம்பெனியிடமும் மறைக்கக் கூடாது. அங்கே இருக்கும் நேரத்தில் வெளி வேலைக்கான போனை எடுப்பதில்லை.

சுதந்திரம், உண்மையைச் சொல்வது. வீட்டுச் செலவு என் சம்பளத்தில் நடக்கிறது. தேவையில்லாத ஸ்பேரை மாற்றச் சொல்லிப் பணம் பார்க்கும் கட்டாயம் எனக்கு இல்லை. ஸ்பேரில் கமிஷன் வாங்குவதில்லை. ஓனரே கடையில் வாங்கட்டும், பில் அவர் கையில் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தை அவர் முன்னால் வைத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டுவேன். அதே சமயம், வருகைக் கூலியை முதலிலேயே பேசிவிடுவேன். ஊசி மட்டும் மாற்றினாலும் அந்தக் கூலி உண்டு. எந்த ஊசியை மாற்ற வேண்டும் என்று அறிந்ததற்கான கூலி அது. இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் கடைசியில் தேவையில்லாத வேலையைக் கூட்டிக் காட்டும் நிலைக்குப் போகிறார்கள்.

ஒவ்வொரு மெஷினுக்கும் நோட்டில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். மாடல், ஹெட் எண்ணிக்கை, எந்த ஹெட்டில் என்ன கோளாறு, என்ன அளவில் வைத்தேன், எந்த பாகம் அடுத்துத் தேயும் என்று எழுதிவைப்பேன். அடுத்த முறை போன் வரும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். பையில் நிறைய கருவிகள் தேவையில்லை. நல்ல ஆலன் கீ செட், ஸ்க்ரூவின் வெட்டுக்குப் பொருந்தும் அகலத்தில் ஸ்க்ரூ டிரைவர்கள், ஃபீலர் கேஜ், டென்ஷன் கேஜ், பூதக் கண்ணாடி, டார்ச், மல்டிமீட்டர், பிரஷ், எமரித் தாள், எண்ணெய், கிரீஸ், சில ஊசிகள், ஒரு நல்ல பாபின் கேஸ். சரியாக ஓடும் என்று தெரிந்த அந்தப் பாபின் கேஸை மாற்றிப் போட்டுப் பார்ப்பதைவிட விரைவான சோதனை வேறில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆபரேட்டர். நான் ஒரு மணி நேரம் பார்க்கும் மெஷினை அவர் பன்னிரண்டு மணி நேரம் பார்க்கிறார். எந்த ஊசி முரண்டு பிடிக்கிறது, எந்தச் சத்தம் நேற்று இல்லை என்று அவருக்குத் தெரியும். ஓனர் பேசும்போது ஒதுங்கி நிற்கும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "நீ சொல்லு தம்பி, எப்போ இருந்து?" என்று கேட்டால்தான் உண்மையான விவரம் வரும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஆபரேட்டர்கள் பலரோடு எனக்குப் பொது மொழி குறைவு. நூலை இழுத்துக் காட்டுவார், நான் தலையசைப்பேன், அவர் பாபின் கேஸை நீட்டுவார். வேலை நடந்துவிடும். கிளம்பும் முன் எண்ணெய் விடும் இடத்தையும், ஊசியின் பள்ளம் பின்னால் நிற்க வேண்டிய விதத்தையும், பீஸின் பின்பக்கத்தைப் படிக்கும் முறையையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டே வருவேன். இப்படிச் சொல்லிக்கொடுத்தால் அழைப்பு குறையுமே என்று சிலர் கேட்பார்கள். சின்னக் கோளாறுக்கான அழைப்பு குறையும். பெரிய கோளாறு வந்தால் நம்பிக் கூப்பிடுவார்கள்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு

இந்த வேலைக்கு வர விரும்பும் இளைஞர்கள் முதலில் ஆபரேட்டராகச் சில மாதம் நிற்க வேண்டும். நூல் கோப்பது, ஃபிரேம் மாட்டுவது, பாபின் மாற்றுவது ஆகியவை கையில் படிந்த பிறகே ஸ்க்ரூ டிரைவருக்கு அர்த்தம் வரும். ஐடிஐயில் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ படித்தவர்களுக்கு அடித்தளம் இருக்கிறது. மற்றவர்கள் மல்டிமீட்டரைப் பிடிக்கவும் சர்க்யூட் படத்தைப் படிக்கவும் தனியாகக் கற்றுக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒரு பிராண்டை ஆழமாகக் கற்க வேண்டும். அதன் மேனுவலை வரிக்கு வரி வாசித்து, பழைய மெஷின் ஒன்றின் ஒரு ஹெட்டை முழுவதும் பிரித்து மாட்டிப் பார்க்க வேண்டும். மெயின் ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஹூக் முனை நூல் வளையத்துக்குள் நுழைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சலிக்காமல் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். வேகத்தில் காதால் கேட்கப்போவது எல்லாம் மெதுவாகக் கண்ணால் பார்த்ததன் நினைவுதான். இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்க வேண்டாம். நாலைந்து யூனிட்டுகளின் நம்பிக்கை சேரும் வரை பகுதி நேரமே சரியான வழி.

யூனிட் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மெஷின் நின்ற பிறகு மெக்கானிக்கைத் தேடாதீர்கள். ஓடும்போதே ஒரு முறை கூப்பிட்டு, எல்லா ஹெட்டின் டென்ஷனையும் ஒரே அளவில் வைத்து, ஹூக்குகளைச் சுத்தம் செய்து, பெல்ட்களைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஆபரேட்டருக்கு அதைப் பக்கத்தில் நின்று பார்க்க நேரம் கொடுங்கள். பராமரித்த மெஷின் இருபது ஆண்டு கழித்தும் நல்ல தையல் போடும். திருப்பூரில் அப்படி ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களை நான் வாரந்தோறும் தொட்டுப் பார்க்கிறேன்.